இரண்டு ஓரகத்திகள், ஒரு பை

மார்ச் 3, செவ்வாய்

தோள்வலிக்குப் பார்க்கும் ஃபிசியோ சொல்லிவிட்டார். "ஒண்ணு பையை மாத்துங்க, இல்லன்னா தொழிலை மாத்துங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கையைத் தூக்கச் சொன்னார், காதுக்குப் போவதற்குள் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் இடது தோள் வலதைவிட நன்றாகவே கீழே இறங்கியிருக்கிறது. கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் ஊரில் உள்ளவர்களை எல்லாம் "தோளைக் கொஞ்சம் நேரா வைங்க" என்று விரட்டுகிறவள் நான். என் லட்சணம் இப்படி.

பை இல்லாமல் முடியாது. மூன்று லென்ஸ், இரண்டு ஃப்ளாஷ், பேட்டரிகள், கார்டுகள், சேஃப்டி பின், தலைவலி மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட். காலையில் தோளில் ஏறினால் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறும்வரை இறங்காது. நான்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், பையப் பைய.

மார்ச் 4, புதன்

மூத்த மருமகளும் இளைய மருமகளும் சேர்ந்து போட்டோ எடுக்கக் கிளம்பினால் மூன்றே மாதத்தில் குடுமிப்பிடி சண்டை என்று சொந்தக்காரர்கள் அன்றைக்கு ஆரூடம் சொன்னார்கள். கல்யாண வீட்டில் எங்களை அக்கா தங்கையா என்று கேட்பவர்களிடம் ஓரகத்திகள் என்று சொன்னால், இன்றைக்கும் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள்.

சண்டை வராததற்குக் காரணம் இந்தப் பைதான் என்று எனக்கு ஒரு எண்ணம். பை என் இடது தோளில். ஓரகத்தி, சின்னவள், எனக்குப் பின்னால். மாடியிலிருந்து அவள் இறங்கி வருவதும் நான் கீழே கதவைப் பூட்டுவதும்கூட ஒன்றாகத்தான் நடக்கும். மேடைக்கு முன்னால் லென்ஸ் வேண்டுமென்றால் கேட்க மாட்டாள். கையை விட்டு எடுத்துக்கொள்வாள். பை எவ்வளவு லேசாகிறது என்பதை வைத்தே எதை எடுத்தாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். தூரத்துக்கு நெட்டை, கூட்டத்துக்குக் குட்டை, ஆளை நெருக்கமாக எடுக்க முகம். லென்ஸ்களுக்குப் பெயர் வைத்தது அவள்தான். "நெட்டை வேண்டாம், முகத்தை எடு" என்று நான் திரும்பாமலே சொல்வேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்ப்பார்கள்.

வேறு பையில் இது நடக்குமா?

மார்ச் 8, ஞாயிறு

நேற்றைய கல்யாணத்துப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் எடுத்ததில் பாதிக்குமேல் இடது ஓரத்தில் மங்கலாக ஒரு கறுப்பு. என் தோள்பட்டையும் பை வாரும். எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது! கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லியும், ஓரம் பார்த்து எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால் நான் எடுத்த அதே படம், கொஞ்சம் குறுகலாக.

நல்ல உழைப்பாளி. கண் மட்டும் இன்னும் வரவில்லை, பாவம்.

மதியம் துணி காயப்போடும்போது ஃபிசியோ சொன்னதைச் சொன்னேன். "முதுகுப் பை வாங்குங்கக்கா, ரெண்டு தோளுக்கும் சமமா இருக்கும்" என்றாள். ஒரு தலையணை உறையை மூன்று தடவை உதறினாள். அப்புறம், "நானும் தனியா சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்னு பார்க்கறேன்" என்றாள்.

சரி என்றேன்.

மார்ச் 9, திங்கள்

தனியா ஒண்ணு. எதற்கு?

மார்ச் 12, வியாழன்

பைக்கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். பையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "நீங்க நடந்துட்டே எடுப்பீங்களா, நின்னு எடுப்பீங்களா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டே எடுப்பேன் என்றேன்.

சக்கரம் வைத்த பெட்டியைக் காட்டினார். தோளுக்கு ரொம்ப நல்லது, சத்தியம். ஆனால் பொண்ணும் மாப்பிள்ளையும் உறுதிமொழி சொல்லுகிற நேரத்தில் பளிங்குத் தரையில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனால் பொண்ணின் அம்மா என்னைத்தான் முறைப்பார். மூலையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார். கல்யாண வீட்டு மூலையில் ஒரு பெட்டியை வைத்தால் அரைமணி நேரத்தில் அதன்மேல் யாராவது ஒரு சித்தப்பா உட்கார்ந்திருப்பார்.

இடுப்பு பெல்ட் ஒன்று. இரண்டு பக்கமும் லென்ஸ் தொங்கும். மாட்டிப் பார்த்தேன். நாற்காலி வரிசைக்குள் நுழையவே முடியாது. "உங்களுக்கு இது வேணாம்" என்று அவரே கழற்றிவிட்டார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

முதுகுப் பையைச் சனிக்கிழமைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். தோளில் போட்டதும் — அப்பாடா. வலியே இல்லை. ஆனாலும் அரைமனசுதான்.

மார்ச் 14, சனி

முதுகுப் பை சரிவராது.

திரும்பினால் பையும் திரும்புகிறது, ஆனால் அது இருப்பது நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. பழச்சாறுத் தட்டு ஒன்று போயிற்று. மாப்பிள்ளையின் பெரியம்மா கன்னத்தில் ஒரு இடி. "பரவாயில்லம்மா, பல் ஏற்கெனவே ஆடிட்டுதான் இருந்துச்சு" என்றார், நல்ல மனுஷி.

அதுகூடப் பரவாயில்லை. சின்னவளுக்கு லென்ஸ் வேண்டுமென்றால் "அக்கா, நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். நான் நிற்க வேண்டும். அவள் ஜிப்பைத் திறக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளையின் தம்பி அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் படம் இல்லை.

"அதான் தனியா ஒண்ணு வேணும்னேன்" என்றாள். பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சுருக்கென்றது.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடும்போது இவர் பேச்சுவாக்கில் சொல்கிறார்: "உன் ஓரகத்தியை அந்தப் பெரிய ஸ்டூடியோக்காரங்க கூப்பிட்டிருக்காங்களாமே. தலைமை போட்டோகிராபரா. தம்பி சொன்னான். உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது! எனக்கு எங்கே தெரியும்! மாடிக்கும் கீழுக்கும் பதினெட்டுப் படிதானே. இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஊருக்கெல்லாம் தெரிந்து, என் புருஷனுக்குத் தெரிந்து, கடைசியாக எனக்கு. தனிப் பை எதற்கென்று இப்போது புரிகிறது. நான் ஒரு மண்டூகம், தோள்வலிக்கு அக்கறைப்படுகிறாள் என்று நினைத்தேனே.

போகட்டும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

கேட்டுவிட்டேன். நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து, கடைசியில் மாடிப்படியில் அவளைப் பார்த்ததும் வாயில் வந்தது: "தனிப் பை வேணும்னா தனியா கடையும் போட்டுக்க வேண்டியதுதானே! எதுக்கு என் பின்னாடியே சுத்தணும்?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான் இன்னும் அவங்களுக்குப் பதிலே சொல்லலக்கா" என்றாள். "சொன்னா உங்க முகம் எப்படிப் போகும்னு தெரியும். அதான்."

"எப்படிப் போகும்?"

"இப்படித்தான்."

ஏறிப் போய்விட்டாள். அவளுக்கும் கோபம் வரும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைவிட நன்றாகக் கோபப்படுகிறாள், சத்தமே இல்லாமல்.

மார்ச் 19, வியாழன்

பை வாங்கியாயிற்று. பழசு மாதிரியே ஒரு பக்கம் தொங்குகிற பைதான், ஆனால் பாதி அளவு, அகலமான வார். இனி வலது தோளில். மேல்மூடிக்குள் கார்டு வைக்க இரண்டு குட்டிப் பை, பழசில் இருந்ததுபோலவே. மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். எப்போதும்போல இடப்பக்கம் புதுக் கார்டுகள், வலப்பக்கம் காலி. படம் நிறைந்த கார்டு அங்கே போகும்.

முகம் லென்ஸ் இதில் கொள்ளவில்லை. அதை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தேன். சாயந்தரம் பார்த்தபோது அங்கே இல்லை. பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பொண்ணின் அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவர். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாம். ஒரு வருடமாக மகளோடு பேச்சில்லை. பொண்ணும் "அவர் வரமாட்டார், நீங்க அவருக்காகக் காத்திருக்க வேணாம்" என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். காலையில் அலங்கார அறையில் அவள் காதில் தோடு மாட்டிக்கொண்டிருக்கிறாள், கதவு திறக்கிறது, அவர் நிற்கிறார்! சட்டைப் பொத்தானை ஒன்று தப்பிப் போட்டிருந்தார். பொண்ணு எழுந்து போய் அந்தப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

நான் கதவுப் பக்கம் இருந்தேன். எல்லாம் எடுத்தேன். இதற்காகத்தானே இந்தத் தொழில் என்று நினைத்தேன். அந்தக் கார்டை எடுத்து, பையை அலங்கார மேசைமேல் வைத்து, கண்ணால் பார்த்து வலப்பக்கம் போட்டேன். பத்திரம்.

மேடையில் அடுத்த கார்டு நிறைந்தது. பை இடுப்பில். கை தன்பாட்டில் மூடிக்குள் போயிற்று, வயிற்றுப் பக்கம் இருந்ததை எடுத்தது. இத்தனை வருடமாக வயிற்றுப் பக்கம்தான் புதுசு. ஆனால் பை இப்போது வலது இடுப்பில் இருக்கிறதே! மேசையில் இடப்பக்கமாக இருந்தது முதுகுப் பக்கம் போய்விடும், வலப்பக்கம் வயிற்றுக்கு வந்துவிடும். கண் ஒரு கணக்கில் வைத்தது, கை இன்னொரு கணக்கில் எடுத்தது. கார்டைப் போட்டதும் ஃபார்மேட் அடித்து உள்ளே இருப்பதைச் சுத்தமாகத் துடைப்பது என் பழக்கம். அடித்தேன். அதன்மேலேயே மேடை முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

காரில் கார்டுகளை எண்ணும்போதுதான் தெரிந்தது. ஒரு புதுக் கார்டு மிச்சம். சின்னவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கப் பேசாதவளிடம் என்ன சொல்ல? "அப்பா வந்தது போச்சு" என்றேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "எல்லாமா?"

"எல்லாம்."

"நான் எடுத்திருக்கேன்க்கா."

நீ எடுத்தது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றுதான் முதலில் மனதில் ஓடியது. வெளியே சொல்லவில்லை, நல்லவேளை.

மார்ச் 23, திங்கள்

அழிந்ததை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தேன். ஏழெட்டுப் படம் கிடைத்தது, பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. ஒன்றில் பொண்ணின் நெற்றி மட்டும்.

அப்புறம் சின்னவள் கார்டைத் திறந்தேன்.

அவள் எதிர் மூலையில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். என்மேல் உள்ள கோபத்தில் தள்ளிப் போய் நின்றிருக்கிறாள். தோளில் ஏதோ ஒரு துணிப்பை, அதற்குள் முகம் லென்ஸ். யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை அவளுக்கு. நான் கதவிலிருந்து எடுத்ததில் பொண்ணின் முகம்தான் இருந்தது, அப்பாவின் முதுகு இருந்தது. இவள் எடுத்ததில் அப்பாவின் முகம். மகள் பொத்தான் போடும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடும்போது அது நிற்குமே, அப்படி. பின்னால் கண்ணாடிக்குள் பொண்ணின் அம்மா. அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். அந்த அம்மாவை நான் பார்க்கவே இல்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பு இல்லை.

பழைய கல்யாணங்களைத் திறந்தேன். போன மாதம், போன வருடம், அதற்கும் முந்தின வருடம். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் என் தோள்பட்டை. ஓரம் பார்க்கத் தெரியாதவள் என்று எத்தனை பேரிடம் சிரித்துச் சொல்லியிருப்பேன். லென்ஸ் என் தோளில் தொங்கினால் அவள் வேறு எங்கே போய் நிற்பாள்? கைக்கெட்டும் தூரத்தில்தானே நின்றாக வேண்டும்? நான் நின்ற இடத்துக்கு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டு, நான் பார்த்ததை, என் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்குக் கண் வரவில்லை என்று நான் வேறு பாவப்பட்டேன்!

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 25, புதன்

பொண்ணு வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். நானே சொன்னேன். நான் எடுத்தது அழிந்துவிட்டது, என் தப்பு, இவள் எடுத்தது இருக்கிறது. பொண்ணின் அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்களை நம்பித்தானேம்மா குடுத்தோம்?" என்றார். நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

சின்னவள் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

அப்பாதான் முதலில் வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இப்படியா நின்னேன்?" என்றார். அப்புறம் மனைவியைக் காட்டி, "இவ அங்கதான் இருந்தாளா?" என்று கேட்டார். அந்த அம்மாள் உள்ளே போய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். பொண்ணு கேட்டாள்: "இதை எடுத்தது யாரு?"

"இவங்க" என்றேன். சின்னவளை நான் "இவங்க" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 26, வியாழன்

மாடிக்கு நான் ஏறிப் போனேன். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து.

"ஸ்டூடியோவுக்குப் போ" என்றேன். "நல்ல இடம். உன் பேர் முதல்ல வரும்."

"துரத்தறீங்களா?"

"ஐயோ, துரத்தலடி. பிடிச்சு வச்சிட்டிருந்தேன்னு இப்பதான் தெரியுது." அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று அவள் வீட்டுச் சுவர் கடிகாரத்தைப் பார்த்தேன். "நீ போயிட்டா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அதையும் சொல்லிடறேன். ஆனா அது உனக்குக் காரணமா இருக்கக் கூடாது."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இதை அந்த மாடிப்படியிலேயே சொல்லியிருந்தா பாதிக் கோபம் மிச்சமாகியிருக்கும்க்கா" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நியாயம்தான்.

மார்ச் 28, சனி

பைக்கடை. இந்தத் தடவை இரண்டு பேரும். கடைக்காரர் என்னிடம் பையை நீட்டினார். "எனக்கு இல்ல, இவங்களுக்கு" என்றேன். சின்னவள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தாள், குனிந்தாள், மண்டியிட்டாள், ஒரு ஸ்டூல்மேல் ஏறினாள். பை வாங்கும்போது நான் ஒரு தடவைகூட இப்படி ஏறிப் பார்க்கவில்லையே. கடைக்காரருக்குத் தலை சுற்றியிருக்கும். கடைசியில் ஒன்றை மாட்டியதும் கேமராவைக் கையில் பிடிப்பதுபோலப் பிடித்து, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிலும் இடிக்கவில்லை.

"இது" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பழைய பையில் மாமியார் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். லென்ஸ் வைக்கிற தடுப்புகளில் பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். என்னைவிட ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஸ்டூடியோவுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். "அங்க போனாலும் இன்னொருத்தர் சொல்ற இடத்துலதான் நிக்கணும்" என்றாள். இனி தனியாகவும் எடுப்பாளாம், என்னோடும் எடுப்பாளாம், யாருக்கு யார் வேண்டுமோ கூப்பிடட்டும் என்றாள். உள்ளுக்குள் குதித்தேன். வெளியே "உன் இஷ்டம்" என்றேன். இந்த வாய் எப்போது திருந்துமோ.

மே 10, ஞாயிறு

அந்தப் பொண்ணின் சித்தி மகளுக்கு நேற்றுக் கல்யாணம். "அப்பா படம் எடுத்தவங்க" வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சின்னவள் என்னைக் கூட வரச் சொன்னாள். இரண்டாவது கேமராவுக்கு.

என் தோளில் ஒன்றும் இல்லை. ஃபிசியோ ஆணை. இடுப்பில் கார்டு வைக்க ஒரு சின்னப் பை, அதிலும் ஒரு அறைதான், குழப்பமே வேண்டாம் என்று. லென்ஸ் எல்லாம் அவளிடம்.

மேடைக்கு முன்னால் நல்ல கூட்டம். மோதிரம் மாற்றுகிற நேரம். மாப்பிள்ளையின் கை வியர்த்து மோதிரம் நழுவுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு அவன் முகம் வேண்டும். கேட்கவில்லை. பின்னாலிருந்து அவள் பைக்குள் கையை விட்டேன்.

"அது குட்டை" என்றாள், திரும்பாமல். "முகம் உள்பக்கம் இருக்கு. மூடியை மூடிடுங்கக்கா."

மூடினேன்.

இன்று படங்களைப் பிரித்தேன். அவள் எடுத்ததை முதலில் பார்த்தேன். இரண்டு இடத்தில் எனக்குத் தோன்றியிருக்காத மாதிரி எடுத்திருக்கிறாள். ஒரு இடத்தில் நான் எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதையும் எழுதி வைக்கிறேன். அப்புறம் என்னுடையவை. மோதிரம் நழுவுகிறது, மாப்பிள்ளை அசடு வழிகிறான், பொண்ணு கண்ணை மூடிச் சிரிக்கிறாள். இடது ஓரத்தில் மங்கலாக ஒரு கறுப்பு. சின்னவளின் தோள்பட்டையும் பை வாரும்.

வெட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.